போல்ட்டுக் கருத்தம்மாள்

தேனிக் கடைவீதியில் பலவேசத்தின் இரும்புக்கடையைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அந்தக் கடையின் பின்கட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து, தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கருத்தம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆள் ஒல்லி, வாய் கனம். ஒரு போல்ட்டு கடையை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் அது முதலில் அவள் கையில் இழுபட வேண்டும், தள்ளுபட வேண்டும், வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கொஞ்சம் சிக்கினாலும் விடமாட்டாள்.

"இது சிக்குது மொதலாளி. உள்ள ஒரு உசுரு மாட்டிக்கிட்டா என்னத்துக்கு ஆகும்?" என்பாள்.

வாங்க வந்தவன் முகம் சுண்டிப்போகும். பலவேசம் தலையில் அடித்துக்கொள்வார். "ஆத்தா, அவுக மாட்டுத் தொழுவத்துக்கு வாங்குறாக. மாடு என்ன தாழ்ப்பாளைத் தொறக்கவா போகுது? நீ யாவாரத்தக் கெடுக்காத" என்று கத்துவார். கத்திவிட்டு அவரே வேறொரு போல்ட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் கோபம் பாலில் பொங்கும் நுரை, ஊதினால் அடங்கிவிடும்.

ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் தேய்த்துக் கொடுத்தவள் வீட்டில் தாழ்ப்பாள் இல்லை. பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஒற்றை அறையும் ஒட்டுத் தாழ்வாரமுமாக ஒரு குடிசை. கதவு உண்டு, உள்பக்கமும் ஒன்றும் இல்லை, வெளிப்பக்கமும் ஒன்றும் இல்லை. காற்றடித்தால் ஒரு கல்லை அண்டக்கொடுப்பாள். திருடன் வரமாட்டானா என்று அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, "வந்தா வரட்டும், அவன் தட்டிட்டா வரப்போறான்? தட்டுறதுக்கு எனக்கு வேற ஆளு இருக்கு" என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த ஆள் அவள் புருஷன் சுருளியாண்டி.

சுருளியாண்டியைப் போல ஒரு கூச்சக்காரனை இந்தப் பள்ளத்தாக்கு பார்த்திருக்காது. சொந்த வீட்டுக்குள் வருவதற்கே விரல்முட்டியால் கதவைத் தட்டிவிட்டு, "நாந்தே" என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷன். கதவு திறந்தே கிடந்தாலும் தட்டுவான். கல்யாணமான புதிதில் கருத்தம்மாளுக்கு இது சிரிப்பாக இருந்தது. "என்னமோ கடன் கேக்க வந்தவன் மாதிரி நிக்கிறீக" என்று கேலி செய்வாள். பிறகு அது பழகிவிட்டது. அந்தத் தட்டல் இரண்டு சின்னத் தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. சாமத்தில் காதைப் பொத்திக்கொண்டு தூங்கினாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

தேனிக்கு வருவதற்கு முன்னால், சின்னமனூர்ப் பக்கத்துக் காடு ஒரு வருஷம் விளையாமல் போக, இரண்டு பேரும் மேகமலைக்கு ஏறினார்கள். ரயில் போடிக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். மேலே ஒரு எஸ்டேட்டில் அவளுக்குக் களையெடுப்பு. அவனுக்கு ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு வேலை. பச்சைக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, ஓரத்தில் தகரக்குழாய் வழியாக அனலை விட்டுக் காய வைப்பார்கள். வெளியே நின்று விறகு தள்ளவேண்டும். நடுநடுவே உள்ளே போய்க் காயைக் கிளறிவிடவேண்டும். மழைக்கு ஒண்டினாற்போலவும் ஆச்சு, வயிறு கழுவினாற்போலவும் ஆச்சு என்று அவன் அந்த வேலையில் சந்தோஷமாகத்தான் இருந்தான். அவன் மேலெல்லாம் ஏலக்காய் வாசம் அடிக்கும். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவன் மாதிரி மணக்கிறான் என்று கூலியாட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், ஸ்டோர்க் கதவுக்குப் புதிதாக ஒரு இரும்பு மாட்டியிருப்பதாகச் சொன்னான். காய் களவு போகிறது என்று மேலே சந்தேகமாம். கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பி, வெளிப்பக்கம்.

"தொரை அதுக்கு என்னமோ பேரு சொல்றாக. போல்ட்டாம்."

"வெளிப்பக்கமா? நீங்க உள்ள காய் கிண்டிக்கிட்டு இருக்கையில எவனாச்சும் சாத்திட்டா?"

"தட்டுனாத் தெறக்கப் போறாக" என்றான் சுருளியாண்டி. தட்டினால் திறப்பார்கள் என்பதைத் தவிர உலகத்தைப் பற்றி அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

மழை விடாமல் ஊற்றிய ஒரு ராத்திரி அடுப்பு வேலைக்குப் போனவன் மறுநாள் காலை வீடு திரும்பவில்லை. வேலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அவள் பெரட்டுக்களத்துக்குப் போனாள். காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு அப்படிப் பெயர். சுருளியாண்டி பேரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர், வெள்ளைக்காரத் துரையின் காதில் என்னவோ சொன்னார். துரை வாயில் புகைந்த சுங்கானை எடுக்காமலே ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

கருத்தம்மாள் கங்காணி நல்லகண்ணுவிடம் ஓடினாள். "தொரை என்ன சொன்னாக, கங்காணியாரே?"

"போல்ட்டுன்னாக."

"போல்ட்டுன்னா?"

கங்காணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத் தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே சொன்னான்: "கம்பி நீட்டிட்டான்னு அர்த்தம். ஓம் புருசன் ஓடிட்டான் ஆத்தா. போயி வேலையைப் பாரு."

வெள்ளைக்காரன் பாஷை சிக்கனமான பாஷை. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்து வேலை வாங்கிவிடும், கூலியாளிடம் துரை வாங்குகிற மாதிரி. எஸ்டேட்டை விட்டுச் சொல்லாமல் ஓடிப்போகிற ஆளுக்கும் அவன் போல்ட்டு என்றுதான் சொல்வான், கதவைச் சாத்திப் பூட்டுகிற கம்பிக்கும் போல்ட்டு என்றுதான் சொல்வான். கங்காணிக்கு முதலாவது தெரியும். கருத்தம்மாளுக்கு இரண்டாவதுதான் தெரியும். அவள் காதில் விழுந்தது இதுதான்: உன் புருஷன் சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கிறான்.

நேரே ஸ்டோருக்கு ஓடினாள். கண்டக்டரின் ஆள் விடவில்லை. வேலை விட்டபிறகு மறுபடியும் போனாள். இப்போது கதவு அகலத் திறந்து கிடந்தது. சாக்குகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே காய் இருந்தது, தட்டு இருந்தது, குழாய் இருந்தது, ஆள் இல்லை. கதவின் உள்பக்கம் புத்தம்புதுத் தகரம் ஒன்று ஆணியடித்துப் பளபளவென்று இருந்தது. எலிக்காக என்றார்கள். அவள் தேடியது மனுஷனை. கதவை யார் பார்க்கிறார்கள்?

பொழுது சாய நல்லகண்ணு ஒரு மூட்டையைக் கொண்டுவந்து லயத்து வாசலில் வைத்தான். அவன் வேலைக்குக் கொண்டுபோன கம்பளி, தூக்குவாளி, கத்தி. "போட்டுட்டு ஓடிட்டான்" என்றான். கத்தியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். முந்தின நாள் அந்தக் கத்தியால்தான் கருவாட்டை நறுக்கியிருந்தாள். நுனி ஊசியாக இருந்தது. இப்போது நுனி ஒடிந்து மொண்ணையாக இருந்தது. அது கிடக்கட்டும், கொட்டுகிற மழையில் மலையிறங்கி ஓடுகிறவன் கம்பளியை விட்டுவிட்டா ஓடுவான்? கேட்டாள். கங்காணி திரும்பி நடந்தான். மறு வருஷம் அவனும் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வாயில் இருந்ததை வாயோடு கொண்டுபோனான்.

அன்று முதல் அவள் கண்ணில் பட்ட தாழ்ப்பாளையெல்லாம் திறக்க ஆரம்பித்தாள். உர அறை, கருவி அறை, ஆஸ்பத்திரிக் கொட்டகை, குதிரை லாயம். லாயத்தைத் திறந்ததில் துரையின் குதிரை தெறித்து ஓடியது. குதிரை ஓடினாலும் அவர்கள் போல்ட்டு என்றுதான் கத்தினார்களாம். அவளுக்குத் தலை சுற்றிப்போனது. கடைசியில் பங்களாவின் பின்பக்கம், தண்ணீர்க்காரன் வந்துபோக வெளியிலிருந்து தாழ் போட்டிருந்த ஒரு கதவையும் திறந்தாள். உள்ளே துரை குளித்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் அவளை மலையிறக்கிவிட்டார்கள்.

ஊரில் அவளுக்குப் புதுப்பேர் காத்திருந்தது: ஓடிப்போனவன் பொண்டாட்டி. செத்தவன் பெண்டாட்டிக்கு ஊர் ஒரு மூலையையாவது ஒதுக்கும். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு அதுவும் கிடையாது. புருஷனை விரட்டியவள் அவள்தானே என்று சொல்ல நாக்கு கூசாது. நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடவும் யோசித்தார்கள், ஒதுக்கவும் யோசித்தார்கள். கழுத்தில் தாலி கிடந்தது. அது எதற்குக் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. குமுளியில் ஒரு மலையாளத்துக்காரியோடு சாயாக்கடை வைத்திருக்கிறான் என்று ஒருத்தன் வந்து சொன்னான். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தவனைப் பார்த்தேன் என்றான்.

அந்த நாட்களில்தான் தட்டல் தொடங்கியது.

எந்த வீட்டிலாவது தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால் போதும். அது விழுந்து அடங்கியதும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்கும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. கோபமான தட்டல் இல்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்கிற தட்டல். பட்டப்பகலில், பிள்ளைகள் விளையாடுகிற சத்தத்துக்கு நடுவே கேட்கும். ஓடிப்போய்த் திறப்பாள். ஒன்றும் இருக்காது. ஒருசமயம் கொஞ்சம் ஏலக்காய் வாசம் இருக்கும், அல்லது இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றும்.

கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வேப்பிலையை ஓங்கி, "யாருலே நீ? போறியா மாட்டியா?" என்று உடுக்கையை அடித்தான். கருத்தம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தொரத்தாதீக சாமி. எங்கன அடைஞ்சு கெடக்காகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, தெறந்துவிடுறேன்" என்றாள். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டான். அவன் பிழைப்பில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அவளை அரித்தது பேய் பயமல்ல. தட்டுவது அவன்தான் என்றால் அவன் செத்துப்போய்விட்டான். தட்டுவது வெறும் பிரமை என்றால் அவன் அவளை விட்டுவிட்டு ஓடிவிட்டான். இரண்டில் எது நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அவன் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டுவாள். மறுநாள் அப்படி வேண்டியதற்காக அவன் மேலேயே ஆத்திரப்படுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி எத்தனை காலம் நிற்க முடியும் என்று கேட்டால், அவள் நின்றாள் என்பதுதான் பதில்.

பிழைப்புத் தேடித் தேனிக்கு வந்தவள் ஒருநாள் பலவேசத்தின் கடை முன்னால் கால் பின்னி நின்றுவிட்டாள். பலகையில் வரிசையாகத் தாழ்ப்பாள்கள் அடித்து மாட்டியிருந்தன.

"இதுக்கு என்ன பேரு?"

"டவர் போல்ட்டு."

"உள்பக்கம் மாட்டுறதா, வெளிப்பக்கம் மாட்டுறதா?"

"வாங்குறவன் இஷ்டம்" என்றார் பலவேசம். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஞானபாக்கியம் வந்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்தவள் சும்மா இராமல் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். அப்படி உட்கார்ந்தவள்தான்.

பேயைக் கண்டு பயப்படுகிறவள் சுடுகாட்டிலேயே குடியேறின மாதிரி இது என்ன கூத்து என்று கேட்கலாம். அவள் கணக்கு வேறு. தாழ்ப்பாளெல்லாம் தன் கைவழியாகப் போனால் ஒன்றாவது சிக்காமல் திறக்கும் அல்லவா?

ஞானபாக்கியம் கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தவள். பைபிளுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த ஆங்கில அகராதியும் வைத்திருந்தாள். ஒரு மழைநாள், கடையில் ஈ காக்கை இல்லாத பகல்பொழுது, கருத்தம்மாள் அவளிடம் கேட்டாள்.

"டீச்சரம்மா, போல்ட்டுன்னா நெசமா என்ன அர்த்தம்? ஒங்க பொஸ்தகத்துல இருக்குமா?"

ஞானபாக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறியது. "இது என்ன, ஒரு சொல்லுக்குள்ள ஒரு ஊரே இருக்கு. தாழ்ப்பாளு ஒண்ணு. மரையாணி ஒண்ணு. வானத்துலருந்து எறங்குற இடி ஒண்ணு. துணிக்கடையில சுருட்டி வச்சிருக்கானே பீஸு, அது ஒண்ணு. மெல்லாம கொள்ளாம சோத்த முழுங்குறது ஒண்ணு. கீரை இலையா இல்லாம தண்டு விட்டுப் பூத்துப்போகுதே, அதுவும் இதுதானாம்."

"ஓடிப்போறது?"

ஞானபாக்கியம் கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் இருக்கு."

"எது மொதல்ல வந்தது? எது மூத்தது?"

இந்தக் கேள்வியை அவளிடம் படித்த எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஞானபாக்கியம் பொடி எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். "மூத்தது அம்பு, கருத்தம்மா. அந்தக் காலத்துல குட்டையா, தடியா, தலை கனத்த அம்பு ஒண்ணு வச்சிருந்தாகளாம். அதுக்குத்தான் மொதல்ல போல்ட்டுன்னு பேரு. அம்பு மாதிரி விழுறதால இடி. அம்பு மாதிரிக் கட்டையா இருந்து ஓட்டையில போயி நிக்கிறதால தாழ்ப்பாளு. அம்பு மாதிரிப் பாய்ஞ்சு போறதால ஓட்டம். எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைக."

"ஒண்ணு அடைக்குது, ஒண்ணு ஓடுது. ஒரே வயித்துல எப்படிப் பெறக்கும்?"

"நம்ம பாஷை மட்டும் என்ன ஒழுங்கு? கம்பி நீட்டுனான்னா ஓடிட்டான். கம்பி எண்ணுறான்னா செயிலுக்குள்ள கெடக்கான். ரெண்டும் கம்பிதான."

கருத்தம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். கையிலிருந்த தாழ்ப்பாளை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தாள். பிறகு, "அம்புன்னா, அது தானாப் போகாதுல்ல டீச்சரம்மா" என்றாள். "எய்தவன் ஒருத்தன் இருக்கணும்ல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாக. ஊரே அம்பத்தான் வைஞ்சிச்சு."

ஞானபாக்கியம் அகராதியை மூடினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. இரும்புக்கடை வைத்திருந்தவனுக்கு இரும்பு கிடைக்காத காலம். போடி ரயில் பாதையையே பிடுங்கி யுத்தத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால், பலவேசத்துக்கு எங்கிருந்து புதுச் சரக்கு வரும்? பழைய இரும்புக்கு அலைந்தார். இடித்த வீடு, உடைந்த கமலை ஏற்றம், எதுவானாலும் வண்டி அனுப்பினார். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காயை விட்டுவிட்டு முழுக்கத் தேயிலைக்குப் போகிறார்கள், பழைய ஸ்டோரைப் பிரித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கினார். எந்த எஸ்டேட் என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சின்னமனூரிலிருந்து மாட்டுவண்டிகள் வந்து பின்கட்டில் சரக்கை இறக்கின. தகரக்குழாய், கீல், ஆணி, இரும்புப் பட்டை. கூடவே கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே தூக்கிவந்த ஒரு கதவு. மரத்திலிருந்து இரும்பைப் பிரிப்பது கருத்தம்மாளின் வேலை. கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட்டு. வழக்கம்போல அதை இழுத்துப் பார்த்தாள். துருவேறி முனகிக்கொண்டு வந்தது. தள்ளினாள்.

தட்டு, தட்டு. தட்டு.

அவள் ஒன்றும் பதறவில்லை. தினமும் கேட்பதுதானே. ஆனால் இது அவள் உள்ளங்கைக்கு நேர் எதிரே, மரத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது. கதவுக்குப் பின்னால் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. கதவைத் தன் பலத்துக்குத் தானே புரட்டிச் சாய்த்தாள். உள்பக்கம் ஒரு தகரம் ஆணியடித்திருந்தது. பளபளப்பெல்லாம் போய்ப் புகைக்கறை ஏறியிருந்தது. விரலால் கறையைத் துடைத்துப் பார்த்தாள். எலிக்காக என்று சொன்னது ஞாபகம் வந்தது.

ஆணிகளைப் பிடுங்கினாள். தகரம் மழைச்சத்தம் போலக் கலகலத்து விழுந்தது.

பலகை முழுக்கக் கீறல். இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கி, போல்ட்டு இருக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியால் குடைந்த பள்ளங்கள். கீழே, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவனின் கை எட்டுகிற உயரத்தில், நகத்தால் பிராண்டிய கோடுகள். அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. போல்ட்டின் முளை பாய்கிற பக்கம் ஒரு பள்ளத்தில் கறுப்பாக என்னவோ சிக்கியிருந்தது. கருத்தம்மாள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். இத்தனை வருஷமும் அந்த மொண்ணைக் கத்தியால்தான் அவள் வெங்காயம் நறுக்கினாள், வெற்றிலைக் காம்பு கிள்ளினாள். அதன் ஒடிந்த வாயைப் பள்ளத்தில் வைத்தாள். உள்ளே கிடந்த நுனி, பிரிந்த உதடு சேர்ந்த மாதிரி, அதோடு போய் ஒட்டிக்கொண்டது.

அவள் போட்ட சத்தத்தில் கடைவீதியே பின்கட்டுக்கு ஓடிவந்தது. பேய்க்கூச்சல் என்று நினைத்து வந்தார்கள். அவள் கதவைக் கட்டிக்கொண்டு, "ஓடலையே! அவுக ஓடலையே! தட்டியிருக்காகளே, எவனும் தெறக்கலையே!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பலவேசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஞானபாக்கியம் கீறல்களைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யார் அன்று தாழ் போட்டது? களவுக்குப் பயந்து வேண்டுமென்றே போட்டார்களா, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் போட்டார்களா? குழாய் ஓட்டையில் புகை கசிந்ததா? எங்கே புதைத்தார்கள்? இது எதுவும் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு தகரம், ஒரு வார்த்தை. ஒரு ஏழையை மூட அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை கருத்தம்மாள் பலவேசத்தின் முன்னால் வந்து நின்றாள். "மொதலாளி, அந்தக் கதவு எனக்கு வேணும்."

"கதவை வச்சு என்ன செய்யப்போற ஆத்தா?"

"காரியம்."

"கதவுக்கா? கதவுக்குக் காரியமா?" என்று கத்த ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, வண்டியைப் பூட்டச் சொன்னார். அவரே தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

பழனிசெட்டிபட்டி ஆற்றங்கரையில் வெட்டியான் அம்மாவாசி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "பொணம் எங்க?"

"இதான்" என்றாள் கருத்தம்மாள்.

"ஏத்தா, வெளையாடுறியா? அதுவும் பொம்பள வந்து இங்கன நிக்கப்படாது."

"இவுகளுக்கு வேற ஆளு இல்லைய்யா. வெளாட்டா இருந்தா நான் இத்தன வருசம் வெளாண்டிருக்க மாட்டேன்."

அம்மாவாசி கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். எத்தனையோ பிணத்தைப் பார்த்தவன். அந்தக் கீறலைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஒரு மனுஷனுக்கு அடுக்குகிற மாதிரியே வறட்டி அடுக்கினான். கருத்தம்மாள் குனிந்து, போல்ட்டை முழுக்க இழுத்துத் திறந்துவிட்டாள். பிறகுதான் கொள்ளி வைத்தாள். பழைய மரம், காய்ந்த மரம், சடசடவென்று பிடித்தது. எரிகிற புகையில் ஏலக்காய் வாசம் வந்தது. அன்று அங்கே நின்ற எல்லாருக்கும் வந்தது. பலவேசமே பிறகு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பலில் கிடந்தது அந்தப் போல்ட்டு ஒன்றுதான். அதை எடுத்து ஆற்றில் விட்டாள். தாலியையும் அவளே கழற்றினாள். தலை முழுகி எழுந்து வந்தவளைப் பார்த்து, ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

பலவேசம் கடையிலேயே நல்லதாக ஒரு தாழ்ப்பாளை எடுத்து, ஆளை விட்டு அவள் குடிசைக் கதவில் மாட்டிக் கொடுத்தார், உள்பக்கம். "இனிமேலாச்சும் அடைச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கு ஆத்தா."

பொழுது சாய்ந்ததும் கருத்தம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வீட்டுக்குத் தாழ் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் நின்றது. காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தாள். திறந்தாள். மறுபடியும் போட்டாள். காத்திருந்தாள். மரம் மரமாக இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்தவள் கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. சாக்கை விரித்து உட்கார்ந்தாள், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தாள், ஆனால் எதையும் தொடவில்லை. ஞானபாக்கியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தூங்குனியா?" என்று கேட்டாள்.

"தட்டல் நின்னுபோச்சு டீச்சரம்மா."

"நல்லதுதான கருத்தம்மா. அந்த ஆத்துமா விடுதலையாயிருச்சு."

"அவுகளுக்கு நல்லதுதே." கருத்தம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இத்தன வருசமும் ஒரு கதவு தள்ளி எங்கூடத்தான் இருந்திருக்காக. கொள்ளி வைக்கிறப்பத்தான் தெறந்துவிட்டேன். தொரை அன்னைக்குச் சொன்னாகளே, அது இப்பத்தான் நெசமாச்சு."

"என்ன சொன்னாக?"

"போல்ட்டு" என்றாள் கருத்தம்மாள்.